வயித்து ஆபரேஷனுக்கு அப்புறம் நிணநீர் கட்டி, யாருக்காச்சும் வந்திருக்கா?

செங்கோட்டைக்காரன்:
எங்க மாமாவுக்கு இரைப்பைல கேன்சர்னு திருவனந்தபுரத்துல வச்சு ஆபரேஷன், பாதி இரைப்பையும் சுத்தி இருந்த நிணநீர் முடிச்சும் எடுத்தாச்சு. நல்லாத்தான் இருந்தாங்க, அப்புறம் நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு கும்முனு ஆயிருது, வேட்டி நிக்க மாட்டேங்குதுன்னாங்க. ஸ்கேன் எடுத்தா குடலை ஒட்டி பெரிய தண்ணிக்கட்டி, உள்ள தடுப்பு தடுப்பா. திரும்ப வந்துட்டுதுன்னு அத்தை ஸ்கேன் சென்டர் வாசல்லயே உக்காந்துட்டா. சிடி பாத்துட்டு ஊசி போட்டு எடுத்தாங்க, சிரிஞ்சு நிறைய வெள்ளை வெளேர்னு பாலு! மாமா எட்டிப் பாத்துட்டு "எல, இத சொசைட்டில ஊத்துனா என்ன வெல தருவான்"ங்காரு. லேப்ல கேன்சர் செல் இல்ல, டிரைகிளிசரைடுங்கிற கொழுப்புதான் ஏகத்துக்கு இருந்துச்சு, டெசிலிட்டருக்கு 110 மில்லிகிராமுக்கு மேல போனாலே நிணநீர்ப் பால், அதாவது கொழுப்பு கலந்த நிணநீர்னுதான் எடுத்துக்கிடுவாங்களாம்.

களியக்காவிளை அக்கா:
எங்க மதினிக்கும் இதேதான் கேட்டியளா. டாக்டர் பேப்பர்ல படம் வரைஞ்சு காட்டுனாரு, சாப்பாட்டுல உள்ள கொழுப்பு முக்காவாசி நேரா ரத்தத்துக்குப் போகாதாம், குடல்ல இருந்து நிணநீர்க் குழாய் வழியா மேல ஏறி இடது பக்கக் கழுத்துகிட்ட வந்துதான் ரத்தத்துல சேருமாம், முடிச்சு எடுக்கையில அந்தக் குழாய் அறுபட்டோ அடைச்சோ போனா தேங்கிப் பை கட்டிரும். ரொம்ப அபூர்வமாம். எங்களுக்கு ஊசியில எடுத்ததும் வயிறு வடிஞ்சிச்சு, ஓணத்துக்குள்ள பழையபடி ரொம்பிட்டு. கடைசில லேப்ராஸ்கோப்பில பையோட எடுத்த பிறகுதான் விட்டுது. உங்க மாமாவுக்கு ஊசியோட நிறுத்திராதீங்க, எடுக்கணுமா பாக்கணுமான்னு சர்ஜன்கிட்ட நேரா கேளுங்க.

செங்கோட்டைக்காரன்:
சரிக்கா. எண்ணெய் கொறைக்கச் சொல்லிருக்காங்க, எம்சிடி எண்ணெய்னு ஒண்ணு எழுதிருக்காங்க, வெல ஜாஸ்தி. தேங்கெண்ணெயும் அதும் ஒண்ணுதான்னு புனலூர்ல ஒருத்தர் சொன்னாரே, அதான் வீட்ல டின்னு டின்னா கெடக்கே?

பாலக்காடு நர்ஸ்:
அய்யோ அண்ணா, ஒண்ணு இல்ல. எம்சிடில இருக்குறது 8, 10 கார்பன் கொழுப்பு, அது நிணநீர்க் குழாய்ல ஏறாம கல்லீரலுக்கு நேரா போயிரும். தேங்காய் எண்ணெயில பாதிக்கிட்ட லாரிக் அமிலம், 12 கார்பன், அதுல நிறைய நிணநீர்க் குழாய்லதான் ஏறும். இங்க எல்லா வீட்லயும் இந்த வாதம் நடக்கும், நானே எத்தனை அம்மாச்சிகிட்ட சண்டை போட்டிருக்கேன். அப்புறம் காய்ச்சலோ, திடீர்னு வயித்துவலியோ, விடாத வாந்தியோ வந்தா கட்டில சீழ் வச்சிருக்கலாம், இல்ல குடல் முறுக்கியிருக்கலாம், ராத்திரின்னு பாக்காம கூட்டிட்டுப் போங்க. பழைய சிடி ஃபிலிமும் ஆபரேஷன் சம்மரியும் கையோட இருக்கட்டும்.