‘மார்ஃப்’ என்னும் ஆங்கில வினை: உருமாறுவதா, உருமாற்றுவதா?

கேள்வி:
வணக்கம். பெண்களுக்கான சட்ட விழிப்புணர்வுக் கையேடு ஒன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கி வருகிறேன். ‘மார்ஃப்’ என்ற வினை ஒரே பக்கத்தில் இருமுறை வருகிறது. முதலில், சிறு வாக்குவாதம் ஒன்று நாளடைவில் மிரட்டலாக ‘மார்ஃப்’ ஆகிறது. அடுத்து, ஒரு பெண்ணின் படத்தை யாரோ ‘மார்ஃப்’ செய்கிறார். இரண்டு இடத்திலும் ‘உருமாற்றம்’ என்றே எழுதினேன். திரும்பப் படித்தபோது இரண்டாவது வாக்கியம் உறுத்துகிறது. நாளிதழ்களைப் போல ‘மார்பிங்’ என்றே விட்டுவிடலாமா?

மறுமொழி 1:
உறுத்தலுக்குக் காரணம் அந்தப் பெயர்ச்சொல். ‘மாறு’ தன்வினை, ‘மாற்று’ பிறவினை. ஆனால் ‘மாற்றம்’ என்று பெயராக்கியதும், தானாக மாறியதா, ஒருவர் மாற்றினாரா என்பது மறைந்துவிடுகிறது. ஆங்கில வினை செயப்படுபொருளோடும் வரும், அது இல்லாமலும் வரும். தமிழிலோ ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். தலைப்பிரட்டை தவளையாக உருமாறுகிறது. வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் சுண்ணாம்புக்கல் சலவைக்கல்லாக உருமாறுகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் ‘உருமாறிய கொரோனா’ என்று நாள்தோறும் படித்தோம். இவற்றில் செய்தவர் என்று எவரும் இல்லை. படத்தைப் பற்றியும் ‘உருமாறிய படம்’ என்று எழுதினால், குற்றம் செய்தவர் வாக்கியத்திலிருந்தே நழுவிவிடுகிறார்.

மறுமொழி 2:
உடன்படுகிறேன், ஆயினும் ‘உருமாற்றிய படம்’ என்பதும் எனக்குப் போதவில்லை. வடிவத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை அடியாகக் கொண்ட ‘மெட்டமார்ஃபசிஸ்’ என்பதிலிருந்து நறுக்கி எடுத்த இந்த வினை, திரைப்பட வரைகலை வழியாகவே பரவலாயிற்று. 1991இல் வெளிவந்த மைக்கேல் ஜாக்சனின் ‘பிளாக் ஆர் ஒயிட்’ காணொளியில் ஒருவர் முகம் வெட்டே தெரியாமல் இன்னொருவர் முகமாகும். இரு முகங்களிலும் கண், மூக்கு, உதடு என ஒத்த இடங்களைக் குறித்துக்கொண்டு, ஒன்றை மற்றொன்றின் வடிவத்துக்கு மெல்ல இழுத்தபடியே நிறங்களையும் கலக்கும் முறை அது. அதில் வஞ்சகம் இல்லை. நம் செய்திகளில் ‘மார்பிங்’ என்பது பெரும்பாலும் ஒருவர் முகத்தை எடுத்து வேறோர் உடலில் பொருத்துவதையே குறிக்கிறது. ஆகவே செய்ததை அப்படியே சொல்லுங்கள்: ‘முகத்தை வேறோர் உடலில் ஒட்டிப் பொய்ப்படம் உருவாக்கினார்.’ அதே வேளை ‘மார்பிங்’ என்ற சொல்லையும் ஒருமுறை சேர்த்துவிடுங்கள். காவல் நிலையத்துக்குப் புகாரோடு போகும் பெண்ணின் வாயில் வரப்போவது அந்தச் சொல்தான்.

முதல் வாக்கியத்துக்கு உருமாற்றமே தேவையில்லை. வாக்குவாதம் தமிழில் முற்றும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இப்படித் திருத்தியிருக்கிறேன்: ‘வாக்குவாதம் முற்றி மிரட்டலாயிற்று. பிறகு அவர் அந்தப் பெண்ணின் முகத்தை வேறோர் உடலில் ஒட்டி, மார்பிங் எனப்படும் முறையில் பொய்ப்படம் ஒன்றை உருவாக்கினார்.’ இரண்டாவது வாக்கியத்துக்கு இப்போது எழுவாய் கிடைத்துவிட்டது.