கயஹோகா ஆற்றில் படகுப் பயணம்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கிளீவ்லாந்து நண்பர்களுக்கு வணக்கம். ஜூலையில் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வருகிறார்கள். அப்பா சேலம் உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நயாகரா எல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். தீப்பிடித்த இந்தக் கயஹோகா ஆற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டுமாம்.

வழிகாட்டி ஒருவர் கூடவே விளக்கிக்கொண்டு வரும் படகு எது? பாட்டும் விருந்துமாகப் போகும் உல்லாசப் படகு வேண்டாம். 1969 ஜூன் 22 அன்று எண்ணெய்ப் படலம் எரிந்து ரயில் பாலங்கள் சேதமான இடம் வரை ஏதாவது படகு போகிறதா? (அப்போது அமெரிக்காவின் டைம் இதழ் அச்சிட்டது இதே ஆற்றில் 1952-இல் பிடித்த தீயின் படம் என்பதையும் சொல்கிற வழிகாட்டியாக இருந்தால் அப்பாவுக்குக் கொண்டாட்டம்தான்.)

இன்னொன்று: எஃகு ஆலைக்குத் தாது கொண்டுபோகும் 600 அடிக்கு மேல் நீளமான கப்பல்கள் அந்தக் குறுகிய வளைவுகளில் அங்குலம் அங்குலமாகத் திரும்புவதை அவர் பார்த்தே ஆக வேண்டும். கப்பல் வரும் நேரத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

அம்மாவுக்கு ஆலைகளில் ஆர்வமில்லை, பறவைகள் போதும். ஒரு காலத்தில் மீனே இல்லாத கீழாற்றில் இப்போது மீன்கள் திரும்பிவிட்டன; நாரைகளும் வெண்தலைக் கழுகும் கண்ணில் பட எந்த நேரம் நல்லது, காலையா மாலையா?

அம்மாவுக்கு மூட்டுவலி. செங்குத்தான படிகள் இல்லாத, நிழலும் கழிப்பறையும் உள்ள படகாகச் சொல்லுங்கள். வழிகாட்டி பேசுவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தால் மற்றவர்கள் முறைப்பார்களா?