பழைய கணக்கோடு எழும்பிய சேர்வர்

போன மாசியில் நடந்தது. பரந்தன் முல்லைத்தீவு வீதியில், முரசுமோட்டைப் பக்கம் ஒரு அரிசி ஆலை. பெரும்போக அறுவடை மும்முரம். விடியவே முதலாளி அழைத்தார்: "தம்பி, சேர்வர் எழும்புதில்லை. வாசலில நெல்லோட லான்ட்மாஸ்டர் வரிசையா நிக்குது, கெதியா வாங்கோ." நான் கிளிநொச்சியில் இருந்து போய்ச் சேர்வதற்குள் வேறொரு தம்பி வந்து, இரண்டு டிஸ்க்கில் ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் வைத்துப் போட்டிருக்கிறார், அது எழும்பிவிட்டது. எல்லாருக்கும் சந்தோசம், எனக்கும் ஒரு பிளேன்ரீ கிடைத்தது. கணக்கு எழுதுகிற பிள்ளைதான் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார், "அண்ணை, இது கார்த்திகையோட நிக்குது. தையும் இல்லை, மாசியும் இல்லை."

தேத்தண்ணியை வைத்துவிட்டு மெஷினை நிறுத்தினேன்.

அது லினக்ஸில் எம்டிஅட்ம் என்ற மென்பொருளை வைத்து இரண்டு டிஸ்க்கைச் சோடியாகக் கட்டிய ரெய்டு 1. எழுதுவதெல்லாம் இரண்டு டிஸ்க்கிலும் விழும், ஒன்று போனாலும் மற்றது சுமக்கும். இங்கே கார்த்திகையிலேயே ஒரு டிஸ்க் விலகிவிட்டது, ஒருவருக்கும் தெரியவில்லை. மூன்று மாதமாக மற்றது தனியே ஓடிக் களைத்து இப்போது அதுவும் படுத்துவிட்டது. அந்தத் தம்பி எழுப்பியது விலகிப்போன டிஸ்க்கை. அவரில் பிழை சொல்ல மாட்டேன், என் தொடக்க காலத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அந்த நிலையில் மற்ற டிஸ்க்கையும் மாட்டி, புதிய உறுப்பாகச் சேர்க்கச் சொல்லி ஒரு கட்டளை கொடுத்திருந்தால், பழையது புதியதின் மேல் எழுதி ஒரு போகத்துக் கணக்கே போயிருக்கும்.

எழும்பாமல் நின்ற திரையைப் பிள்ளை போனில் படம் எடுத்து வைத்திருந்தார். வரிசையாக ஐஓ எரர் (வாசிக்க, எழுத முடியாத பிழை), கடைசியில் கோப்பு ஒழுங்கைத் திருத்துகிற எஃப்எஸ்சிகேயைக் கையால் ஓட்டச் சொல்லி, லினக்ஸ் முழுதாக எழும்ப முதல் வருகிற இனிட்ராம்எஃப்எஸ்ஸில் வந்து நிற்கிறது. கனடாவில் இருக்கிற முதலாளியின் மருமகன் வட்ஸ்அப்பில் அதையே ஓட்டச் சொல்லி நச்சரிக்கிறார், அதுவும் எல்லாக் கேள்விக்கும் "ஓம்" போட்டு. வாசிக்கவே திணறுகிற டிஸ்க்கில் அதை ஓட்டினால், தனக்குத் தெரியாத இடத்திலெல்லாம் தானே முடிவெடுத்து எழுதித் தள்ளும். டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கிற ஸ்மார்ட் விபரம் பார்த்தேன், பென்டிங் செக்டர், அதாவது வாசிக்க முடியாமல் நிற்கிற இடங்கள், நூறைத் தாண்டியிருந்தது. மருமகனுக்கு ஒரு சிரிப்புப் படம் அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

யூஎஸ்பியில் இருந்து லினக்ஸை எழுப்பி, பழுதான டிஸ்க்கில் இருந்து படியெடுக்கிற டிடிரெஸ்க்யூவை வைத்து, படுத்துவிட்ட டிஸ்க் முழுவதையும் புது டிஸ்க் ஒன்றில் ஒரே கோப்பாகப் படியெடுத்தேன். முதல் சுற்றில் சுலபமாக வருவதை மட்டும் எடு, திணறும் இடத்தைத் தாண்டிப் போ. மிச்சத்துக்குப் பிறகு மூன்று தரம் முயற்சி செய். எதுவரை எடுத்தது என்று குறித்து வைக்கிற அதன் மேப் கோப்பு இல்லாவிட்டால் அன்றிரவு நான் செத்தேன். கரண்ட் போய் ஜெனரேற்றருக்கு மாறுகிற இடைவெளியில் மெஷின் இரண்டு தரம் நின்றது. யூபிஎஸ் பற்றரி எப்போது செத்ததோ, மூடியைத் திறந்தால் உள்ளே எறும்பு முட்டை. மேப் கோப்பு புது டிஸ்க்கிலேயே இருந்ததால் இரண்டு தரமும் விட்ட இடத்தில் இருந்தே தொடர்ந்தது.

எந்த டிஸ்க்கில் கடைசிக் கணக்கு இருக்கிறது என்று உறுதிப்படுத்த எம்டிஅட்ம் விபரத்தை எடுத்தால் அங்கேயும் ஒரு வில்லங்கம். கடைசியாக எழுதிய நேரம் என்று, கார்த்திகையோடு நின்ற டிஸ்க்கில்தான் புதிய நேரம் கிடக்கிறது, காலையில் அதைத்தானே எழுப்பினார்கள். அதை நம்பியிருந்தால் அம்போ. படியில் ரூட்டின், அதாவது மெஷினின் நிர்வாகிக் கணக்கின், அஞ்சல் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கார்த்திகையில் இருந்து நாள் தவறாமல் ஒரே கடிதம்: டிகிரேடட் அரே, அதாவது சோடி குறைந்துவிட்டது, ஒரு டிஸ்க்கைக் காணவில்லை. விலகிய டிஸ்க்கில் அன்று காலைக்கு முந்திய அந்தக் கடிதம் ஒன்றுகூட இல்லை, இருக்கவும் முடியாது, காணாமல் போனதே அதுதானே! இத்தனை மாதமாக மெஷின் கத்திக்கொண்டே இருந்திருக்கிறது, யாருமே திறக்காத பெட்டிக்குள்.

விலகிய டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை. தரவு வயரில் போய் வரும்போது கெடுவதை எண்ணுகிற சிஆர்சி எரர் எண்ணிக்கை மட்டும் ஏறியிருந்தது, அப்படியென்றால் பெரும்பாலும் வயர்தான். ஆலை அதிர்வில் சாட்டா வயர் தளர்ந்திருக்கிறது, பெட்டிக்குள் தவிட்டுத் தூசி விரலால் எழுதுகிற அளவு.

கணக்கை வைத்திருக்கிற தரவுத்தளமான மரியாடிபி படியிலும் எழும்பவில்லை. படிக்கு இன்னொரு படி எடுத்து, பழுதோடும் அதை எழுப்புகிற இன்னோடிபி ஃபோர்ஸ் ரிகவரி என்ற அமைப்பை 1 என்று வைத்தேன், எழும்பியது, தரவு முழுவதையும் வெளியே டம்ப் எடுத்தேன். 4க்கோ அதற்கு மேலேயோ போனால் அதுவே தரவை நிரந்தரமாகக் கெடுக்கலாம், ஆகவே சும்மா 6 போட்டுப் பார்க்கிற விளையாட்டு வேண்டாம்.

*

முள்ளியவளையில் இருந்து எழுதுகிறேன். எங்களுக்கு 2018 மார்கழி வெள்ளம். அலுவலகத்து மெஷின் சேற்றுத் தண்ணிக்குள் கிடந்தது. ஒருவர் டிஸ்க்கைக் கழற்றி வெயிலில் காயப் போட்டுவிட்டார், காய்ந்தால் சரி என்று. டிஸ்க்கில் காற்றுத் துளை இருக்கிறது, அதால் புகுந்த சேறு தட்டிலேயே காய்ந்து ஒட்டிவிட்டது, அது போனது போனதுதான். இரண்டாவதைக் காயவிடாமல் பொலித்தீன் பையில் கட்டி, மின்சாரமும் கொடுக்காமல் கொழும்புக்கு அனுப்பினோம். அதில் பெரும்பகுதி வந்தது. செலவைக் கேட்காதீர்கள்.

*

நான் வவுனியா. அண்ணை, கடைசியில் உங்கள் ஆலைக் கணக்கில் எவ்வளவு போனது?

*

ஒரு பக்கம்தான் தம்பி. மரியாடிபிக்குள் தரவைச் சேமிக்கிற இன்னோடிபியில் ஒரு பக்கம் வழக்கமாக 16 கேபி, அதற்குள் இருந்த நெல் கொள்வனவு வரிகள் மட்டும் வரவில்லை. பிள்ளை காபன் பில் புத்தகத்தை வைத்து ஒரு மத்தியானத்தில் திரும்ப அடித்துவிட்டார், எடை, ஈரப்பதம், முற்பணம் எல்லாம் துண்டில் இருந்தது. முதலாளிக்கு அதைவிட, இரவு முழுக்க ஓடிய ஜெனரேற்றர் டீசல்தான் கவலை.

இப்போது அந்த எச்சரிக்கைக் கடிதம் பிள்ளையின் போனுக்குப் போகிற மாதிரி மாற்றிவிட்டேன். போன கிழமை இரவு எட்டு மணிக்கு அழைப்பு வந்தது: "அண்ணை, கடிதம் வந்திருக்கு." போய்ப் பார்த்தால் கூட்ட வந்தவர் விளக்குமாற்றால் பெட்டியை இடித்திருக்கிறார், திரும்பவும் அதே வயர்.