‘மறைமுக ஒளிப்பகுப்பு’: இதைவிட நல்ல சொல் உண்டா?

அனைவருக்கும் வணக்கம்.

ஏரி, ஆற்று நீரில் மருந்து எச்சங்கள் வெயிலில் சிதைவது பற்றிய பாடவரைவில் ‘இன்டைரக்ட் போட்டோலிசிஸ்’ என்பதற்கு ‘மறைமுக ஒளிப்பகுப்பு’ என்று போட்டிருக்கிறோம். மறைமுக வரி மாதிரி ஒலிக்கிறதே தவிர, நடப்பதைச் சொல்லவில்லை.

வலிமருந்து டைக்ளோஃபெனாக் 290 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீள வெயிலைத் தானே உறிஞ்சி உடைகிறது. வயிற்றுப்புண் மருந்தான சிமெடிடின் அப்படியல்ல, தூய நீரில் வெயிலில் வைத்தால் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஏரி நீரில் கரைந்த மட்குப்பொருள் ஒளியை வாங்கி மும்மைநிலைக்கு (ஆற்றல் ஏறி நிற்கும் ஒரு நிலை) போய், அந்த ஆற்றலை ஆக்சிஜனிடம் தள்ளிவிடுகிறது. அப்போது பிறக்கும், ஆற்றல் ஏறிய ஒற்றைநிலை ஆக்சிஜன் நீரில் சுமார் 4 மைக்ரோநொடிதான் தாங்கும். அதற்குள் சிமெடிடினைத் தாக்குகிறது. ஆற்றல் கைமாறுவதுதான் இங்கே சங்கதி. ‘கைமாற்று ஒளிப்பகுப்பு’ எனலாமா? மட்கு போல ஒளியை வாங்கி ஆற்றலைத் தள்ளிவிடும் பொருளை, அதாவது சென்சிடைசரை, ‘ஒளிவாங்கி’ எனலாம்.

-----

> ‘ஒளிவாங்கி’ எனலாம்

வேண்டாங்க. நம் ஊரில் ளகரமும் லகரமும் ஒன்றாகத்தான் காதில் விழும். வகுப்பில் எல்லோரும் மைக்கைத் தேடுவார்கள். ‘ஒளியுணரி’ சென்சாருக்குப் போய்விட்டது, ‘ஒளியூக்கி’ வினையூக்கியோடு குழம்பும். ‘ஒளியேந்தி’ பரவாயில்லை.

‘கைமாற்று’ என்றால் திருப்பித் தரவேண்டிய கடன். மட்குக்கு யார் திருப்பித் தருகிறார்கள்? இன்னொன்று: மின்னாற்பகுப்பில் மின்சாரமும் நீராற்பகுப்பில் நீரும்தான் பொருளைப் பிரிக்கின்றன. இங்கே ஒளி சிமெடிடினைத் தொடுவதே இல்லை. ‘பகுப்பு’ எப்படிப் பொருந்தும்?

-----

பகுப்பு பற்றிச் சொன்னது சரி. தானே உறிஞ்சி உடைவது மட்டும் ‘ஒளியாற்பகுப்பு’. மற்றது ‘கைமாற்று ஒளிச்சிதைவு’. கடன் பொருள் எனக்கு உறுத்தவில்லை. ஆற்றலைக் கொடுத்த மட்கு பழைய நிலைக்கு வந்து மறுபடி ஒளி வாங்குகிறது. நாள்பட வெளுத்துப்போகும் என்பது வேறு.

இரண்டையும் பிரித்தறியும் சோதனையைப் பாடவரைவிலேயே சேர்க்கலாம். குவார்ட்ஸ் குழாய்களில் மருந்தை ஒரே செறிவில் எடுங்கள், 10 மைக்ரோமோலார் போதும்: ஒன்று காய்ச்சி வடித்த நீரில், ஒன்று 0.2 மைக்ரான் வடிகட்டிய பள்ளிக்கரணைச் சதுப்பு நீரில். அதே சதுப்பு நீரில் இன்னொன்று, வெயில் படாதபடி அலுமினியத் தாள் சுற்றி. எல்லாம் நீர்த்தொட்டியில் அமிழ்ந்திருக்கட்டும். சித்திரை மொட்டைமாடிச் சூட்டில் தாள் சுற்றியதுகூட நீராற்பகுப்பால் குறையலாம். பழி வெயில்மேல் விழும். சதுப்பு நீரில் வேகம் கூடினால் கைமாற்று. குறைந்தால் மட்கு ஒளியை மறைக்கிறது, முதலில் அதற்குத் திருத்தம் போடவேண்டும். ஹைட்ராக்சில் ராடிக்கலை (வெயிலில் நீரில் பிறக்கும் இன்னொரு தாக்குபொருள்) விழுங்கும் ஐசோபுரொப்பனால் சேர்த்ததும் வேகம் தணிந்தால் அந்த ராடிக்கலுக்குப் பங்கு உண்டு.

நைட்ரஜன் ஓட்டி ஆக்சிஜனை விரட்டும் சோதனையில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஒற்றைநிலை ஆக்சிஜன் நின்றுபோகும், சரி. ஆனால் தணிக்க ஆளில்லாமல் மும்மைநிலை மட்கு பெருகி, சில மருந்துகளை நேராகவே தாக்கும். வேகம் கூடக்கூடச் செய்யலாம்.

அடையாறு முகத்துவார நீரை எடுத்துவிட்டு சதுப்பு நீரின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். கடல்நீரின் புரோமைடு ஹைட்ராக்சிலை விழுங்கிவிடும்.

-----

ஒளியாற்பகுப்பு, கைமாற்று ஒளிச்சிதைவு, ஒளியேந்தி மூன்றுக்கும் சம்மதம். வரைவில் ஓரிடத்தில் ‘ஒளித்தூய்மிப்பு’ என்றும் இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். கிருமிக்கொல்லியான டிரைக்ளோசான் வெயிலில் உடைந்து, டையாக்சின் குடும்பத்து மாசான 2,8-டைகுளோரோடைபென்சோ-பி-டையாக்சினும் தருகிறது. அதற்குத் தூய்மை என்று பேர் வைக்க முடியாது.