புகையிலை நாற்றுகளில் இரகங்கள் கலந்துவிடாமல் காக்க வழி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். இந்தப் பருவத்தில் வர்ஜீனியா, பர்லி, ஓரியண்டல் வகைகளைச் சேர்ந்த 9 இரகங்களைக் குழித்தட்டுகளில் விதைக்க இருக்கிறேன். நடவு வரை அவற்றைப் பெயர் மாறாமல் கொண்டுசெல்ல உங்கள் அனுபவம் எனக்குத் தேவை.

சென்ற முறை மார்க்கர் பேனாவால் எழுதிய பிளாஸ்டிக் அட்டைகள் வெயிலிலும் ஈரத்திலும் வெளுத்து, நாற்றுகள் நடவுக்கு வரும் முன்பே படிக்க முடியாதவையாகிவிட்டன. அதைவிடப் பெரிய இழப்பு தண்ணீரால் நேர்ந்தது. ஒரு கிராமில் ஏறத்தாழ 10,000 விதைகள் இருக்கும் அளவுக்குச் சிறிய இந்த விதை முளைக்க வெளிச்சம் உதவுவதால், அதை மண்ணால் மூடாமல் மேற்பரப்பிலேயே தூவுகிறோம். அதனால் பூவாளியால் நீர் ஊற்றியபோது விதைகள் மிதந்து பக்கத்துக் குழிகளுக்குள் போய்விட்டன. பர்லிச் செடிகளை மட்டும் அவற்றின் வெளிறிய தண்டையும் நடுநரம்பையும் கொண்டு பின்னர் பிரித்தறிந்தேன். வர்ஜீனியா இரகங்களை என்னால் பிரிக்கவே முடியவில்லை; அவற்றிலிருந்து விதை எடுக்கும் எண்ணத்தையும் கைவிட்டேன், அது இன்னும் வருத்தமாக இருக்கிறது.

இம்முறை தட்டுக்கு ஓர் இரகம் மட்டும் விதைத்து, அடியிலிருந்து நீரை உறிஞ்சவிட்டு, பென்சிலால் எழுதிய அட்டையுடன் தட்டின் வரைபடத்தையும் குறிப்பேட்டில் வைக்க எண்ணுகிறேன். பென்சில் எழுத்து இரண்டு மாதம் நிற்குமா, அல்லது அலுமினியத் தகட்டில் கீறி எழுதுவது மேலா? நாற்றுகளைப் பிடுங்கி வேறு தட்டுக்கு மாற்றும் நாளில்தான் குழப்பம் அதிகம் வருகிறது. அன்று நீங்கள் என்ன ஒழுங்கைக் கடைப்பிடிக்கிறீர்கள் என்பதை விரிவாகச் சொன்னால் நன்றியுடையவனாவேன்.