ஒரே நாளில் கொடைக்கானல்: போனோம், நின்றோம், திரும்பினோம்

மதுரைக்காரன்:
2025 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா, மாமியார், பிள்ளைகள் என்று பதினோரு பேர். விடியற்காலை ஐந்து மணிக்கு வேன் கிளம்பியது. வத்தலக்குண்டு வரை ஒரே பாட்டும் சிரிப்பும்தான். மலை ஏறத் தொடங்கியதும் வண்டி ஊர்ந்தது. வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே மட்டும் ஒன்றரை மணி நேரம் நின்றோம். மாமியார் கட்டிவந்த புளியோதரை அங்கேயே தீர்ந்துவிட்டது. தூண் பாறைக்குப் போய்ச் சேரும்போது மணி இரண்டு. பாறையைக் காணவில்லை, எங்கு பார்த்தாலும் மேகம். டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் வெள்ளைவெளேர் என்று ஒன்றுமில்லாததைப் பார்த்துவிட்டு வந்தோம். ஏரியில் படகுக்கு நின்ற வரிசையைக் கண்டதும் பிள்ளைகளே வேண்டாம் என்றுவிட்டார்கள். இத்தனைக்கும் மலையேறும் வண்டிக்கு ஆன்லைனில் எடுக்க வேண்டிய இ-பாஸை எடுத்துத்தான் போனோம். நீதிமன்றம் சனி, ஞாயிறுகளில் 6,000 வண்டி என்று வரம்பு விதித்த பிறகும் இதுதான் கதியென்றால், அந்தப் பாஸ் எதற்கு?

அட்டுவம்பட்டிவாசி:
மேகத்துக்குமா பாஸ் கொடுக்க முடியும்? தூண் பாறையைக் காலையிலேயே பார்த்துவிட வேண்டும்; பிற்பகலில் அது தெரிந்தால் உங்கள் அதிர்ஷ்டம். ஒரே பகலில் ஏறி, எல்லாவற்றையும் பார்த்து, ராத்திரி வீட்டில் போய்ப் படுக்க வேண்டும் என்றால் ஊர் என்ன செய்யும்? மே மாதத்தில் நாங்கள் பால் வாங்கக்கூட வண்டி எடுப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று, வழியில் நின்ற வண்டிகளின் கண்ணாடியைத் தட்டித் தட்டி நகரச் சொல்ல வேண்டியிருந்தது. என்னைக் கேட்டால் 6,000 என்பதே அதிகம்.

மதுரைக்காரன்:
பெரியவர் விஷயம் வருத்தம்தான். ஆனால் தங்கச் சொல்வது சுலபம் ஐயா. சீசனில் பதினோரு பேருக்கு அறை எடுக்கிற பணத்தில் என் மகனின் பள்ளிக் கட்டணத்தையே கட்டிவிடலாம். காசு உள்ளவனுக்கு மட்டும்தான் குளிர் என்றால் நேரடியாகச் சொல்லிவிடுங்கள். 1845இல் வெயில் தாங்காமல் இங்கே வந்து பங்களா கட்டினார்களே அமெரிக்க மிஷனரிகள், அவர்களும் மதுரையிலிருந்து ஏறியவர்கள்தான். அவர்களிடம் யார் பாஸ் கேட்டது?

அட்டுவம்பட்டிவாசி:
அவர்கள் ராத்திரியே இறங்கவில்லையே!

மலைப்பாதை ஓட்டுநர்:
இருபது வருடமாக இந்த மலையில் வண்டி ஓட்டுகிறேன். இரண்டு பேரும் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். வரம்பு நாளுக்குத்தான், மணிக்கு இல்லை. 6,000 வண்டியும் ஒரே காலையில் ஏறினால் என்ன ஆகும்? ஏறியபின் பைன் காடு, குணா குகை, தூண் பாறை என்று எல்லோரும் ஒரே சாலையில் போய் விழுகிறார்கள். நான் சவாரியைப் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் திருப்பிவிடுவேன். கூட்டமும் குறைவு, பிள்ளைகள் ஓடியாடப் புல்வெளியும் உண்டு.

அட்டுவம்பட்டிவாசி:
அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும், அந்தப் பக்கத்தையாவது விட்டுவையுங்கள்.

ஆரப்பாளையத்தார்:
அரசுப் பஸ்ஸுக்குப் பாஸே வேண்டாம். மதுரை ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் ஏறினால் கொடைக்கானலில் இறக்கிவிடுவார்கள். மலைவிளிம்பு நடைபாதையான கோக்கர்ஸ் வாக்குக்கு நடந்தே போகலாம், ஏரியைச் சுற்றலாம். மதுரைக்காரர் படகு விடவில்லையே என்று வருந்த வேண்டாம். வெள்ளி நீர்வீழ்ச்சியில் விழுவது ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான். ஒன்றரை மணி நேரம் இலவசமாகவே ஏரியைப் பார்த்திருக்கிறீர்கள்.

மதுரைக்காரன்:
சிரியுங்கள், சிரியுங்கள். அந்த நெரிசலில் எங்களுக்கு முன்னால் நின்றதும் அரசுப் பஸ்தான். முழங்கால் வலிக்காரர்கள் இரண்டு பேரை நான் எப்படி நடத்திக் கூட்டிப்போவது? ஆனால் ஓட்டுநர் அண்ணன் சொல்வது சரி. பாஸில் மணியும் போட்டுக் கொடுத்தால், விடியுமுன் ஏறு என்றாலும் ஏறத் தயார்.

அட்டுவம்பட்டிவாசி:
மணி போட்டால் எனக்கும் ஆட்சேபம் இல்லை. எண்ணிக்கையையும் குறைக்கட்டும்.

மதுரைக்காரன்:
குறைத்தால் முதலில் வெட்டுப்படுவது எங்களைப் போன்றவர்கள்தான். அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அன்று திருப்தியாகத் திரும்பியவர் என் மாமியார் மட்டுமே. ஏரிக்கரையில் இரண்டு கிலோ மலைப்பூண்டு வாங்கிவிட்டார்.

அட்டுவம்பட்டிவாசி:
ஏரிக்கரையிலா? ஒன்றை உரித்துப் பார்த்துவிட்டு, மலைப்பூண்டுதானா என்று சொல்லுங்கள்.