மில் கமரா வெளியில இருந்து தெரியுதில்ல, போர்ட் திறந்தும் பலனில்ல

கல்லடிப் பொடியன்: அக்கரைப்பற்றில அப்பாட நெல்லு மில்லுக்கு 4 கமரா போட்டிருக்கு. மில் வைஃபையில பளிச்செண்டு தெரியுது. கல்லடிக்கு வந்தா ஒண்டும் இல்ல. ரவுட்டரில 8000ஆம் போர்ட்ட (வெளியில இருந்து உள்ளுக்கு வாற வாசல்) திறந்துவிட்டு மூண்டு நாளா மல்லுக்கட்டுறன். எங்க பிழை?

மில்லடிக் காக்கா: ரவுட்டருக்குள்ள போய் வான் (WAN) ஐபியப் பாருங்க, அதான் லைன் பக்கத்தால ரவுட்டருக்குக் கிடைச்ச முகவரி.

கல்லடிப் பொடியன்: 100.72 எண்டு தொடங்குது. ஐபி காட்டுற தளத்தில வேற நம்பர்.

மில்லடிக் காக்கா: அப்ப உங்கட பிழை இல்ல தம்பி. 100.64 தொடக்கம் 100.127 வரைக்கும் இன்டர்நெட் லைன் தாற கொம்பனி உள்ளுக்கு வெச்சிருக்கிற பங்கு முகவரி. ஒரே பொது ஐபிக்குப் பின்னால எத்தினையோ வீடு. வெளியில இருந்து வாறது எந்த வீட்டுக்கெண்டு கொம்பனிப் பெட்டிக்குத் தெரியாது, அங்கேயே செத்துப்போகும். சிஜிநாட் எண்டுறது இதைத்தான். கொம்பனிய முழுசா ஏசவும் ஏலாது. ஐபிவி4 எண்ட பழைய வகை முகவரி மொத்தமே 430 கோடிதான், உலகக் கையிருப்பு 2011 பெப்ரவரியில முடிஞ்சுது. ஆனா ஐபிவி6 எண்ட புது வகை 1998இலேயே எழுதி வெச்சாச்சே! அதையும் சேர்த்துத் தந்தா மில்லுக்குத் தனி முகவரி. ரவுட்டரில ஐபிவி6 முகவரி 2 எண்டு தொடங்குதா?

கல்லடிப் பொடியன்: எஃப்இ80 எண்டுதான் கிடக்கு காக்கா.

மில்லடிக் காக்கா: அது மில் சுவருக்குள்ள மட்டும் செல்லும். கொம்பனி தரல்ல.

களுவாஞ்சிகுடி அக்கா: ஐபிவி6ஐ நம்பி நான் பட்ட பாடு! மலிவெண்டு ஐபிவி6 மட்டும் உள்ள சேர்வர் எடுத்து, பழைய மாணவர் சங்கத் தளம் போட்டன். என்ட போனில வந்துது. தலைவர்ட வீட்டு லைனில வரல்ல, அங்க ஐபிவி4 மட்டும்தான். கடைசியில காசு கட்டி ஐபிவி4 வாங்கினன்.

மில்லடிக் காக்கா: அதான் தங்கச்சி, லைன் தாறவனும் சேர்வர் தாறவனும் ரெண்டு பேரும் ரெண்டையும் தரோணும். ஒருத்தன் தந்தா வேலைக்காகாது. அமேசனே 2024 பெப்ரவரியில இருந்து பொது ஐபிவி4 ஒண்டுக்கு மணிக்கு 0.005 டொலர் எடுக்கிறான்.

பொடியன், இப்போதைக்குப் பொது ஐபிவி4 உள்ள சின்ன சேர்வர் ஒண்டு எடுங்க. மில்லில கிடக்கிற பழைய கம்பியூட்டரில வயர்கார்ட் (ரெண்டு கம்பியூட்டருக்கு நடுவில தனிப்பாதை போடுற மென்பொருள்) போட்டு அந்த சேர்வரோட இணைங்க. இணைப்பு உள்ளுக்கிருந்து போறதால சிஜிநாட் மறிக்காது. கமராப் படம் பதியிற டிவிஆர் பெட்டிட பாஸ்வேர்டையும் மாத்துங்க. நாளைக்கு ஐபிவி6 வந்தாலும் வெளியாக்கள மறிக்கிற ஃபயர்வோலத் திறந்துபோட்டுட்டு இருக்க வேணாம்.

கல்லடிப் பொடியன்: கொம்பனிக்குக் கோல் எடுத்து ஐபிவி6 கேட்டன். "ரவுட்டர ஓஃப் பண்ணிப் போடுங்க" எண்டாங்க. வயர்கார்ட் சரிவந்திட்டு, படம் வருது. முதல் கண்டது, களத்தில காயப்போட்ட நெல்லுக்குள்ள பக்கத்து வீட்டுக் கோழி அஞ்சு.